முன் டிஸ்க் பிரேக் கோளாறு: பாகம் வாங்குவதற்கு முன் கண்டுபிடிக்கும் முறை

மோட்டார்சைக்கிளின் முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் பலர் முதலில் வாங்குவது புதுப் பேட். பேட் மாற்றியும் அதே நிலை என்றால் பிரேக் ஆயில், அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பாகம் வாங்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். லீவரைப் பிடிக்கும் விரல்கள், சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் கை, ஒரு டார்ச், ஓர் 8 மி.மீ. ரிங் ஸ்பேனர், இவையே பெரும்பாலான கோளாறுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிங்கப்பூரில் ஓட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்கக் காரணம் உண்டு. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று, அடிக்கடி மழை, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டம், ஜோகூர் கடற்பாலத்து நெரிசல் எல்லாம் சேர்ந்து பிரேக் ஆயிலையும், பேட்களைத் தாங்கும் காலிப்பரையும் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. கெடுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் கை அதற்குப் பழகிவிடுகிறது. லீவர் முன்பைவிட அரை அங்குலம் கூடுதலாக உள்ளே போவது ஓட்டுபவருக்கே தெரியாமல் போகிறது.

பேட் எப்படி விலகுகிறது?

லீவரை அழுத்தினால் ஹேண்டிலில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். அழுத்தம் ஹோஸ் வழியாகக் காலிப்பருக்குப் போய் அங்குள்ள பிஸ்டனை வெளியே தள்ளும். பேட்கள் டிஸ்க்கை இறுக்கும். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். கோளாறு கண்டுபிடிக்க அதைவிட முக்கியமானது, லீவரை விட்டதும் பேட் எப்படி விலகுகிறது என்பது.

பிஸ்டனைப் பின்னால் இழுக்கக் காலிப்பருக்குள் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. அழுத்தம் வரும்போது அந்தச் சீல் சற்றே வளைந்து கொடுக்கும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிஸ்டனில் துரு, காய்ந்த பிரேக் தூசி, உப்பு படிந்தால் சீலால் இழுக்க முடியாது.

இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டருக்கும் ஆயில் டப்பாவுக்கும் நடுவே உள்ள ஊசித்துளை. லீவரை முழுதாக விட்டால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. துளை அடைபட்டாலோ, லீவர் முழுதாகத் திரும்பாவிட்டாலோ, விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லாமல் பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். இந்தச் சீலையும் இந்தத் துளையையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சோதனைகள் எல்லாம் எளிதில் புரியும்.

காலிப்பரில் இரண்டு வகை உண்டு. ஒரே பக்கத்தில் பிஸ்டன் வைத்து, ஸ்லைடு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்வது ஒன்று. சிறிய வண்டிகளிலும் ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் இதுதான். இரு பக்கமும் பிஸ்டன் வைத்து அசையாமல் இருப்பது மற்றொன்று. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் கழற்றாமல் பார்க்க வேண்டியவை

வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்திலேயே இதைச் செய்யலாம். வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் டப்பா சமமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்புங்கள். டப்பாவின் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடியில் ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. தேய்ந்த பேட்டுடன் டப்பாவை நிரப்பிவிட்டால், புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும் அன்று ஆயில் வழிந்து பெட்ரோல் டேங்க்கின் பெயிண்டைத் தின்றுவிடும். பேட்டில் இன்னும் கனம் இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

நிறத்தையும் பாருங்கள். புது ஆயில் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். கோப்பி-ஓ (பாலில்லாக் கோப்பி) நிறத்துக்கு வந்துவிட்டால் அது மாற்ற வேண்டிய ஆயில். கறுப்புத் துகள்கள் மிதந்தால் உள்ளே ரப்பர் சிதைகிறது.

பிறகு டார்ச் அடித்துப் பேட்களைப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேலுள்ள உராய்வுப் பொருள் 2 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றத் திட்டமிடுங்கள், 1 மி.மீ. ஆனால் ஓட்டாதீர்கள். உள் பேட், வெளிப் பேட் இரண்டையும் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பலர் கண்ணுக்கு எளிதில் தெரியும் வெளிப் பேட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நகரும் காலிப்பரில் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கக்கூடும், அல்லது பிஸ்டன் உள்ளே திரும்பாமல் இருக்கக்கூடும். ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்து ஆப்பு போலத் தேய்ந்திருந்தாலும் சந்தேகம் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஈரம் தேட வேண்டிய இடங்கள்: லீவர் உள்ளே தள்ளும் ரப்பர் உறையின் அடி, ஹோஸின் இரு முனைகளையும் பொருத்தும் பாஞ்சோ போல்ட், காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி, காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிள். இவற்றோடு முன் ஃபோர்க்கின் சீலையும் பாருங்கள். ஃபோர்க் ஆயில் கசிந்து கால் வழியாக இறங்கிக் காலிப்பரில் சொட்டினால் எத்தனை பேட் மாற்றினாலும் பிரேக் வராது.

லீவரைக் கொண்டு மூன்று சோதனைகள்

முதல் சோதனை: லீவரை ஒருமுறை அழுத்தி, எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். பிறகு வேகமாக நான்கைந்து முறை அடித்து அழுத்துங்கள். லீவர் மேலே ஏறி இறுகினால், முக்கியமான சந்தேகம் ஆயிலுக்குள் புகுந்த காற்று. ஆனால் காற்று மட்டுமே காரணம் இல்லை. டிஸ்க் வளைந்திருந்தாலும், சக்கர பேரிங் ஆடினாலும், சக்கரம் சுற்றும்போது பேட்கள் தேவைக்கு மேல் உள்ளே தள்ளப்படும். அடுத்த முறை அழுத்தும்போது அந்த இடைவெளியை நிரப்பவே லீவர் பாதி தூரம் போய்விடும். ஆகவே வண்டி நின்றிருக்கும்போது லீவர் நன்றாக இருந்து, ஓட்டும்போது மட்டும் முதல் அழுத்தம் ஆழமாகப் போனால் காற்று எடுப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். டிஸ்க்கையும் பேரிங்கையும் பாருங்கள்.

இரண்டாவது: லீவரை நன்றாக அழுத்தி 30 விநாடி அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் கப் தேய்ந்து ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது. மாஸ்டர் சிலிண்டர் ரிப்பேர் கிட் தேவைப்படும். உள் சுவரில் கீறலோ அரிப்போ இருந்தால் கிட் பயன்படாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, லீவர் விடுபடுவது. விட்டதும் சட்டென்று முழுதாகத் திரும்ப வேண்டும். முனையை விரலால் லேசாக அசைத்தால் பிஸ்டனைத் தொடும் முன் ஒரு சிறு ஆட்டம் தெரிய வேண்டும். கடையில் வாங்கி மாட்டும் அலங்கார லீவர்களில் இந்த ஆட்டம் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. லீவர் பிஸ்டனை எப்போதும் சிறிது அழுத்தியபடியே இருக்கும், ஊசித்துளை மூடியே இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிய பிறகு முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும். புது லீவர் மாட்டிய பிறகு இந்தக் கோளாறு வந்திருந்தால், வேறு எதையும் தொடும் முன் பழைய லீவரைத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.

சக்கரம் இழுக்கிறதா?

நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தை மேலே தூக்குங்கள். லீவரை ஒருமுறை அழுத்தி விட்டுக் கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். பேட் லேசாக உரசும் ஓசை இருக்கலாம். ஆனால் சக்கரம் தயங்காமல் ஒன்றிரண்டு சுற்றாவது போக வேண்டும். சட்டென்று நின்றால் பிரேக் இழுக்கிறது.

இழுக்கும் பிரேக்கில் கோளாறு உள்ள இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நேரடியான வழி இருக்கிறது. புதியவர்கள் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். பிளீட் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் புட்டிக்குள் விட்டு, சக்கரம் இறுகியிருக்கும் நிலையில் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து உடனே மூடுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அப்படியே இறுகியிருந்தால் கோளாறு காலிப்பரில்தான்: பிஸ்டன் சிக்கியிருக்கிறது அல்லது ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. மாறாக, ஆயில் பீறிட்டு, சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் மேலே எங்கோ திரும்ப வழியின்றிச் சிக்கியிருந்தது என்று பொருள். அப்போது நிப்பிளை மூடி, மறுபடி லீவரை அழுத்திச் சக்கரத்தை இறுகவைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பாஞ்சோ போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். அடியில் துணி வையுங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர் அல்லது லீவர். அங்கே விடுபடாமல் கீழே நிப்பிளில் மட்டும் விடுபடுகிறது என்றால் நடுவே உள்ள ஹோஸ் உட்புறம் வீங்கி ஒருவழிப் பாதையாகிவிட்டது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் நடுவே ஏபிஎஸ் யூனிட்டும் இருப்பதால் அந்த முடிவுக்கு வரும் முன் பட்டறையில் காட்டுங்கள். பாஞ்சோவைத் தளர்த்தினால் காற்று புகும். சோதனைக்குப் பிறகு காற்று எடுத்தே ஆக வேண்டும், செம்பு அல்லது அலுமினிய வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர்தான் என்று தெரிந்தால் ஊசித்துளையைச் சோதிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி வைத்து, டப்பா மூடியைக் கழற்றி லீவரை மிக மெதுவாக, சில மி.மீ. மட்டும் அசையுங்கள். ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சிறு சுழிப்போ பீறலோ தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அடைப்பு. அதன் மேல் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளையின் ஓரத்தில் பிசிறு உண்டானால் ரப்பர் கப்பைக் கிழிக்கும். பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

லீவர் கல் மாதிரி இறுகுகிறது, வண்டி நிற்கவில்லை

இங்கே ஆயில் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது, உராய்வுதான் இல்லை. செயின் ஸ்ப்ரே, டயர் பளபளப்புத் திரவம், துருநீக்கி எண்ணெய் ஆகியவை டிஸ்க்கில் பட்டிருப்பது வழக்கமான காரணம். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பேட்டை அப்படிக் காப்பாற்ற முடியாது, இரண்டு பேட்களையும் சேர்த்து மாற்றுங்கள். அடுத்த காரணம், பேட்டின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போவது. லேசாக இருந்தால் சமதளத்தில் மணல்தாள் வைத்துத் தேய்த்துத் திரும்பப் போடலாம். தூசி மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அணியுங்கள். பெரிய விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் போட்ட வண்டிகளிலும் லீவர் இப்படித்தான் இறுகும்: ஆயில் கூடுதலாக நகரும், அதே விரல் பலத்துக்கு அழுத்தம் குறையும்.

மழையில் முதல் அழுத்தத்துக்குப் பிரேக் சற்றுத் தாமதமாகப் பிடிப்பது கோளாறு அல்ல, டிஸ்க்கின் மேல் படிந்த நீர்ப்படலம். உலோகத் துகள் பேட்கள் இதில் சாதாரண பேட்களைவிட நன்றாகப் பிடிக்கும். நாள் முழுவதும் உணவு விநியோகத்துக்கு ஓட்டுபவர்கள் பேட் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் உங்கள் டிஸ்க் அந்த வகைப் பேட்டுக்கு ஏற்றதா என்றும் கேளுங்கள்.

லீவர் துடிக்கிறது

பிரேக் பிடிக்கும்போது விரலில் தாளம் போட்டதுபோல் துடிப்பு வந்தால், டிஸ்க்கை மாற்ற ஓடுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: டிஸ்க் போல்ட்கள் இறுக்கமாக உள்ளனவா, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் கழுத்தில் ‘டொக்’ என்று சத்தம் வருகிறதா. மூன்றாவது இருந்தால் அது ஸ்டீயரிங் பேரிங், பிரேக் அல்ல.

டிஸ்க்கின் வளைவைப் பார்க்க, ஃபோர்க் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனை டிஸ்க்கின் பரப்பைத் தொடாமல் தொடும்படி வெட்டி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் உரசினால் வளைவு இருக்கிறது. சரியான அளவுக்கு டயல் கேஜ் வேண்டும். பல வண்டிகளின் கையேடு 0.3 மி.மீ. வரை அனுமதிக்கிறது, சில அதைவிடக் கண்டிப்பானவை. தடிமனை மைக்ரோமீட்டரால் ஆறேழு இடங்களில் அளந்து பாருங்கள். சாதாரண வெர்னியர் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பின் மேல் உட்கார்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; புதிதில் 4 மி.மீ. உள்ள டிஸ்க்குக்கு 3.5 என்பது பரவலாகக் காணும் எல்லை.

கீச்சென்ற சத்தத்துக்குப் பெரும்பாலும் தூசி, பளபளத்த பேட், அல்லது கடைசியாகப் பேட் மாற்றியவர் திரும்பப் போட மறந்த தகட்டு ஸ்பிரிங் காரணம். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் என்றால் பேட் தீர்ந்துவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

சூட்டில் மட்டும் லீவர் தளர்ந்தால்

காலையில் நன்றாக இருந்து, தொடர்ந்து பிரேக் பிடித்த பிறகு லீவர் தொய்ந்துபோவது பழைய ஆயிலின் அடையாளம். டாட் 3, டாட் 4 (DOT) தர ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளவை. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியதாகக் கணக்கிடும்போது தரநிலை கேட்பது 155 பாகைதான். ஆயிலில் உள்ள நீர் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. சிங்கப்பூரில் மேடுகள் குறைவு என்பதால் இது வெளியே தெரியாமலேயே இருந்து, கெந்திங் மலையிலிருந்து இறங்கும் நாளில் தெரிகிறது. மலேசியாவுக்கு மலைப்பாதைப் பயணம் திட்டமிட்டால் கிளம்பும் முன் ஆயில் மாற்றுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பரிந்துரை. டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். சிலிகான் ஆயிலான டாட் 5 ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது, டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். முன் பிரேக் ஒன்றைக் கழுவி நிரப்ப 200 மி.லி. பொதுவாகப் போதும் என்பதால் சிறிய புட்டியே வாங்குங்கள். திறந்து மாதக்கணக்கில் வைத்த புட்டியை இந்த ஈரக்காற்றில் நம்ப வேண்டாம்.

காற்று எடுக்கும் வரிசை: லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, லீவர் உள்ளே போனதும் நிப்பிளை மூடு, அதன் பிறகே லீவரை விடு. மூடும் முன் விட்டால் காற்று உள்ளே திரும்பும். டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. எத்தனை முறை எடுத்தும் லீவர் இறுகாவிட்டால், குமிழி மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோ வளைவில் ஒளிந்திருக்கலாம்; அதுதான் பல வண்டிகளில் உயரமான இடம். ஹேண்டிலைத் திருப்பி அந்த இடத்தைச் சாய்த்து, ஹோஸை லேசாகத் தட்டி, லீவரைச் சிறு சிறு அசைவாக அசைத்தால் குமிழிகள் டப்பாவுக்கு ஏறி வரும். நிப்பிளுக்கு 6 நியூட்டன் மீட்டர் இறுக்கமே பெரும்பாலும் போதும். பலம் காட்டினால் உடையும். டப்பா மூடியின் திருகுகள் ஜப்பானிய வடிவம் கொண்டவை, சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் அவற்றை எளிதில் மழுக்கிவிடும். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய ஆயிலை வடிகாலில் ஊற்றாதீர்கள், அந்த நீர் நம் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. புட்டியில் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள்.

காலிப்பரை விடுவிப்பது

கோளாறு காலிப்பரில் என்று தெரிந்தால் பல சமயம் சுத்தம் செய்தாலே போதும். பேட்களைக் கழற்றுங்கள். டிஸ்க்குக்குப் பதிலாக நடுவே ஒரு மரத்துண்டை வைத்து, லீவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டன்களை 5 மி.மீ. அளவுக்கு வெளியே கொண்டுவாருங்கள். எது நகரவில்லையோ அதுதான் சிக்கியது. பழைய பல் தூரிகையும் சோப்பு நீரும் கொண்டு துடைத்து, விரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள். கையால் தள்ளி உள்ளே போகாத பிஸ்டனை இடுக்கியால் நெருக்காதீர்கள். சீல் மாற்றும் வேலை அது. பிஸ்டன் பரப்பில் குழி விழுந்திருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும்.

ஸ்லைடு பின்களை உருவித் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் ரப்பரை வீங்கவைத்து, சில மாதத்தில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். கிழிந்த ரப்பர் உறையை அப்படியே விட்டால் மழைநீர் உள்ளே போய் பின் துருப்பிடிக்கும்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவர் இறுகும்வரை அடியுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் பிரேக் இருக்காது. இதை மறந்து கார்நிறுத்துமிடச் சரிவில் இறங்குவது பெரிய ஆபத்து. முதலில் நடக்கும் வேகத்தில் சோதியுங்கள். புதுப் பேட் என்றால், போக்குவரத்து குறைந்த சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பத்துப் பதினைந்து முறை குறைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே டிஸ்க் ஆற விடுங்கள். இடையில் முழுதாக நிறுத்திச் சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள். அங்கே படியும் பொருள்தான் பிறகு துடிப்பாகத் தெரியும். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்த சிறிது நேரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் இருக்காது. சக்கரத்தைக் கழற்றியபோது சென்சார் நகர்ந்ததா, அதன் வயர் நசுங்கியதா என்று முதலில் பாருங்கள்.

மூன்று ஆண்டைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு இங்கே ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு, பிரேக்கும் அதில் சோதிக்கப்படும். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மேலே சொன்ன லீவர் சோதனைகளையும் சக்கரச் சோதனையையும் செய்துவிட்டால், பாகம் வரவழைக்க வேண்டியிருந்தாலும் நேரம் இருக்கும். பட்டறையில் விடும்போது “பிரேக் சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், “லீவரைப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது, வெளியே கசிவு இல்லை” என்றோ, “நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டது” என்றோ சொல்லுங்கள். மெக்கானிக் எந்தப் பாகத்தில் தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கும்.